அம்மாவின் தொழில் என்ன?

அம்மா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவமனைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். "வீட்டுலதான் இருக்கேன். அவருக்குக் கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்" என்றார் அம்மா. அந்தக் கையில் சாணம் காய்ந்து ஒட்டியிருந்தது.

மூன்று வாரம் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். நான், அப்பா, அத்தை, கூலிக்கு ஒரு ஆள் என்று நான்கு பேர் பங்கு போட்டும் அம்மாவின் வேலை தீரவில்லை. விடிவதற்கு முன்னால் கறவை. என் கை பட்டதும் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொண்டது. எந்த மாடு நேற்றிலிருந்து சரியாகத் தின்னவில்லை, எது உதைக்கும், எந்த வயலுக்கு இன்று தண்ணீர் திருப்ப வேண்டும், எல்லாம் அம்மாவின் தலையில்தான் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நடுராத்திரியில் ஒரு மாடு கன்று ஈன்றது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று நான் காத்திருந்தேன். "அதுக்காக நிக்காதே, முதல்ல கன்னுக்குச் சீம்பாலைக் குடு" என்று அம்மா வாசலில் நின்றே குரல் கொடுத்தார். முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி கன்றின் உடம்பில் சேரும். ஒரு நாள் தாண்டிவிட்டால் குடல் அதை உறிஞ்சாது.

ஆனால் என்னை உலுக்கியது மாடு அல்ல, பாட்டி. படுத்த படுக்கையாக இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதல் ராத்திரியே ஒரு தடவை அசந்து தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து கிடந்தது. அம்மா இந்த மூன்று வருடத்தில் பாட்டிக்கு ஒரு படுக்கைப் புண் வரவிட்டதில்லை. அப்படியானால் அம்மா எப்போதுதான் தூங்கினார்? இதை ஒருநாளும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

நாடுகளின் பொருளாதாரக் கணக்குக்கென்று உலகப் பொது விதிமுறை ஒன்று இருக்கிறது. 1993-இல் திருத்தப்பட்ட அதன்படி, அம்மா கறக்கும் பால் வீட்டிலேயே செலவானாலும் உற்பத்திதான். அதே பாலைக் காய்ச்சி, பாட்டியை நிமிர்த்தி உட்கார வைத்துப் புகட்டுவது கணக்கில் வராது. 64 நாடுகளின் தரவுகளை வைத்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்னது இது: சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு ஒரு நாளில் 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது. அதில் 76.2 சதவீதம் பெண்களுடையது. அந்த மணிகளில் பாட்டியைப் புரட்டும் ராத்திரிகளும் அடக்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்படி ஒருவரைப் பற்றிப் பேசினால் உடனே "தெய்வம்", "தியாகி" என்று எழுதுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. தெய்வத்துக்கு லீவு தேவையில்லை, சொத்தில் பங்கும் தேவையில்லை என்று நமக்கு வசதியாகிவிடுகிறது. அம்மாவுக்கு வேண்டியது வாரத்தில் இரண்டு ராத்திரி முழுத் தூக்கம். அந்த இரண்டு ராத்திரியும் பாட்டியின் பக்கத்தில் வேறொருவர் படுக்க வேண்டும். அப்புறம், அம்மாவின் பெயர் நிலத்தின் பத்திரத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடனோ இழப்பீடோ கிடைப்பது குதிரைக் கொம்பு. 2026-ஐப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. சந்தோஷம். எங்கள் நிலத்தின் பத்திரத்தில் இன்னும் அப்பா பெயர் மட்டும்தான்.

அப்பாவிடம் கேட்டேன், பாதியை அம்மா பெயருக்கு மாற்றலாமே என்று. கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவ ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார். கேட்க அவருக்கு நேரம் எங்கே இருந்தது?

சரி, பத்திரத்தை மாற்றிப் பதிய நாள் குறித்தாகிவிட்டது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள அத்தை வருகிறார். சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.