நாடகம் போட இந்த ஊரில் ஒரு இடம் கிடையாதா?

எங்களுடையது சின்ன நாடகக் குழு. எல்லாருக்கும் வேலை உண்டு, ஞாயிற்றுக்கிழமைதான் ஒத்திகை. அரங்கேற்றத்துக்கு ஒரு ஹாலில் விசாரித்தால் வாடகையைக் கேட்டே தலை சுற்றுகிறது. அதற்கு மேல் ஏசி தனி, மைக் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி. எப்படியோ பணம் புரட்டிக்கொண்டு போனால், "அன்னைக்கு வளைகாப்பு புக் ஆயிடுச்சு சார், நீங்க தேதியை மாத்திக்குங்க" என்கிறார் மேனேஜர். நோட்டீஸ் அடித்தாயிற்று என்று சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

வயிறு எரிகிறது. ஏனென்றால் இதே சென்னையில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பொது நிகழ்ச்சிகளுக்கென்றே கட்டிய விக்டோரியா பொது அரங்கம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்று பிரமுகர்கள் கூடிப் பேசி, ராஜாக்களிடமும் பணக்காரர்களிடமும் நன்கொடை திரட்டிக் கட்டியது. 1883இல் அடிக்கல் நாட்டியவர், இன்றைய ஆந்திராவில் இருக்கிற விஜயநகரம் சமஸ்தானத்தின் மகாராஜா. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் வரைந்து கொடுக்க, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி கட்டினார். விக்டோரியா ராணியின் ஆட்சிப் பொன்விழா 1887இல் வந்தது, அதை ஒட்டி அவர் பெயரை வைத்தார்கள். கீழே ஒரு கூடம், மாடியில் ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். போதாதென்று மரத்தில் ஒரு காலரி வேறு!

சும்மாவும் கிடக்கவில்லை அந்த ஹால். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897இல் பேசியது இங்கேதான். நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்களும் இங்கே நடந்தன. நடிகர்களைக் கூத்தாடி என்று ஏசிய காலத்தில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு இந்த மேடையில் ஏறினார்கள். தமிழ் நாடகத்துக்கு மரியாதை தேடித் தந்த மேடை இது. சென்னைக்காரர்கள் முதன்முதலில் சலனப்படம் பார்த்ததும் இங்கேதான்.

அப்புறம் என்ன ஆயிற்று? நிலம் 99 வருடக் குத்தகை, அது முடிந்ததும் வழக்கு, வாய்தா. சுற்றிலும் கடைகள். மாநகராட்சி கைக்கு வந்த பிறகும் வேலை நின்று நின்று நடந்தது. பக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டினார்கள். நாங்கள் காலேஜ் போன காலமெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அந்தச் செங்கல் கோபுரத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அடுத்திருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தே போனது. இது எரியவில்லை, ஆனாலும் ஒரு தலைமுறைக்கு இல்லாமலே போய்விட்டது.

புதுப்பிக்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கினார்கள். சரி, நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றினால் வேலை முடிந்தது, டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பேசுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவரையும் தூணையும் பார்க்கவா அத்தனை பேர் பணம் கொடுத்தார்கள்? நாடகக்காரர்களுக்கு மேடையைத் திறந்து விடுங்கள். சின்னக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகை வையுங்கள். வாரத்தில் இரண்டு மாலையாவது நாடகத்துக்கென்று ஒதுக்குங்கள், அதையும் சிபாரிசு இல்லாமல், விண்ணப்பம் வந்த வரிசைப்படி கொடுங்கள்.