நடுக்குரலுக்கு ஆள் இல்லை

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நண்பர் ஒருவரின் மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் ஐவர் கூடியிருந்தோம். அமெரிக்க ரொக் இசைக்குழுவான ஈகிள்ஸ் குழுவினர் தொடக்கத்திலும் முடிவிலும் வாத்தியமே இல்லாமல் ஐந்து குரல்களில் பாடுகிற ‘செவன் பிரிட்ஜஸ் ரோட்’ பாடலை ஒரு தடவையாவது பிழையின்றிப் பாடி முடிக்க வேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் ஆசை. பிரதான மெட்டைப் பாட மூவர் முன்வந்தார்கள். மேற்குரலுக்கு, தன்னுடைய தொண்டையைப் பற்றிச் சற்று மிகையான மதிப்பு வைத்திருக்கும் ஒருவர் முன்வந்தார். நடுக்குரலுக்கு ஆள் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் பாடகர் குழுவில் நின்றவன் என்பதால் அது வழக்கம்போல என் தலையில் விழுந்தது. இரண்டாவது அடியைப் பாடும்போது கரையோர ரயில் ஒன்று ஜன்னலுக்குக் கீழே இரைந்துகொண்டு போயிற்று. அந்த இரைச்சலில் முதலில் மறைந்தது என்னுடைய குரல். அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாட்டு அத்தோடு நின்று, வாக்குவாதம் தொடங்கியது. ஈகிள்ஸின் மிகச் சிறந்த அல்பம் எது என்ற கேள்விக்கு நால்வரும் 1976 டிசம்பரில் வந்த ‘ஹோட்டல் கலிபோர்னியா’வைச் சொன்னார்கள். நான் அதற்கு முந்திய ஆண்டு வந்த ‘வன் ஒஃப் தீஸ் நைட்ஸ்’ என்றேன். “ஐசே, விற்ற கணக்கைப் பார்த்துவிட்டுக் கதையும்” என்றார் எங்களில் மூத்த அண்ணை. அங்கே என்னை முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

விற்ற கணக்கிலிருந்தே தொடங்கலாம். 2018 ஓகஸ்டில் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் ‘ஹோட்டல் கலிபோர்னியா’வுக்கு 26 மில்லியன் அளவில் சான்று வழங்கியது உண்மைதான். அதே வேளையில், 1976 பெப்ரவரியில் வெளியான அவர்களுடைய வெற்றிப் பாடல்களின் தொகுப்புக்கு 38 மில்லியன் அளவில் சான்று வழங்கப்பட்டது. அந்தத் தொகுப்பில் இருப்பவை முழுவதும் முதல் நான்கு அல்பங்களின் பாடல்கள். ‘ஹோட்டல் கலிபோர்னியா’ அப்போது பிறக்கவே இல்லை. கணக்கைப் பார்த்துக் கதைப்பதானால், கணக்கு என் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது விற்பனையைப் பற்றியதல்ல. ஒரு குழுவில் யார் யாருக்குப் பாட இடம் கிடைத்தது என்பதைப் பொறுத்தே அதன் குரலிசைவின், அதாவது வெவ்வேறு ஸ்வரங்களில் பல குரல்கள் ஒன்றாக ஒலிக்கும் ஹார்மனியின், தன்மை அமைகிறது என்பது என்னுடைய கருத்து. 1972இல் வந்த முதல் அல்பத்தின் பத்துப் பாடல்களில் டொன் ஹென்லி முன்னின்று பாடியவை இரண்டே இரண்டு. கிளென் ஃப்ரைக்கும் ரண்டி மைஸ்னருக்கும் மும்மூன்று, பேர்னி லெடனுக்கு இரண்டு. பின்னாளில் அந்தக் குழுவின் அடையாளக் குரலாக ஆகப் போகிறவர் அன்று டிரம்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு மற்றவர்களுக்குத் துணைக்குரல் கொடுத்தார். 1975 அல்பத்துக்கு வரும்போது குழுவில் ஐந்தாவதாக டொன் ஃபெல்டர் சேர்ந்திருந்தார். ஐவரும் ஆளுக்கு ஒரு பாடலாவது முன்னின்று பாடிய அல்பம் அது ஒன்றுதான். ஃபெல்டர் ஈகிள்ஸ் அல்பங்களில் முன்னின்று பாடிய ஒரே பாடலும் அதில்தான் இருக்கிறது. அடுத்த அல்பத்தில் பாடப்பட்ட எட்டுப் பாடல்களில் ஐந்து ஹென்லிக்குப் போயின, ஃபெல்டருக்கு ஒன்றுகூட இல்லை.

நமக்கு இதில் ஒரு இயல்பான தடை உண்டு. நம்முடைய செவி ஒரே மெட்டில் வளர்ந்த செவி. இருவர் சேர்ந்து கச்சேரி செய்தாலும் ஒரே ஸ்வரத்தில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் அது அபஸ்வரம். கூடப் பாடுகிறவரைப் பின்பாட்டுக்காரர் என்போம். ‘ஒத்து ஊதுகிறவன்’ என்பதோ நம்மிடம் நேரடியான வசையாகவே ஆகிவிட்டது. சிறுவயதில் ஆடிவேல் ஊர்வலத்தில், நாதஸ்வர வித்துவானுக்குப் பக்கத்தில் கன்னம் உப்ப ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மூச்சு விடுகிறாரா இல்லையா என்று எனக்குப் பெரிய சந்தேகம். அவரைச் சுட்டி யார் என்று அப்பாவிடம் கேட்டபோது, “அது ஒத்துக்காரர்” என்றார், பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்கு அவருடைய இடத்தைப் பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டுவிட்டது.

ஈகிள்ஸைக் கேட்கும்போது நான் தேடுவது அந்த ஒத்துக்காரர்களைத்தான். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘லையின் ஐஸ்’ பாடலை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஃப்ரை கதை சொல்வதைப்போல இயல்பாகப் பாடிக்கொண்டு போகிறார். பல்லவி வந்ததும் மற்றக் குரல்கள் அவருக்கு மேலே வந்து அமர்கின்றன. தலைப்புச் சொல்லின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலியைக் கவனியுங்கள். எங்கள் பாடகர் குழுவில் அந்த ஒலியில் எப்போதுமே இடறுவோம். ஆளுக்கொரு நேரத்தில் முடித்துப் பாம்புப் புற்றைப்போலச் சீறுவோம். ஆகவே ஒருவர் மட்டும் ‘ஸ்’ சொல்லட்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் கட்டளையிட்டிருந்தார். இவர்களிடம் அந்த ஒலி ஒரே வாயிலிருந்து வருவதைப்போல முடிகிறது. ஸ்வரம் சேர்வது பாதி வேலைதான். உயிரொலியை எல்லோரும் ஒரே அளவுக்கு வாய் திறந்து பாடுவதும், சொல்லை ஒரே கணத்தில் விடுவதும் மற்றப் பாதி. பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் அது வராது. இவர்களை மேடையில் பார்த்துத் திருப்தியடையாத தயாரிப்பாளர் கிளின் ஜோன்ஸ், பின்னர் ஒத்திகையில் வெறும் கிற்றாரோடு இவர்கள் சேர்ந்து பாடியதைக் கேட்ட பிறகே முதல் அல்பத்தைத் தயாரிக்கச் சம்மதித்தார்.

லெடனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. ‘வன் ஒஃப் தீஸ் நைட்ஸ்’ அல்பத்தில், பாட்டே இல்லாமல் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் வாத்தியக் குழுவுமாக அவர் அமைத்த ‘ஜேர்னி ஒஃப் த சோசரர்’ இருக்கிறது. பின்னாளில் பி.பி.சி. வானொலி நாடகம் ஒன்றின் முகப்பிசையாக உலகம் முழுவதும் கேட்கப்பட்டது அதுதான். எனக்கோ அப்படியொன்று இருப்பதே பல ஆண்டுகளாகத் தெரியாது. பள்ளிக்கூடம் முடித்த புதிதில், காலி வீதியில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில், தொண்ணூறு நிமிட கசற் ஒன்றின் ஒரு பக்கத்தில் இந்த அல்பத்தையும் மறுபக்கத்தில் ‘ஹோட்டல் கலிபோர்னியா’வையும் அடித்துத் தரச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் வேறு எவருடையதோ ஒரு காதல் பாடலைப் போட்டுக் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, “பாட்டு இல்லாத பாட்டு உமக்கு என்னத்துக்குத் தம்பி?” என்றார். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கலிபோர்னியாவில் லெடனுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதுதான். நாட்டுப்புறச் சாயலை விட்டு ரொக் பக்கம் குழு நகர நகர, அவருடைய பாஞ்சோவுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போயிற்று. ஒருநாள் ஃப்ரையின் தலையில் பியரைக் கொட்டிவிட்டு, 1975 முடிவதற்குள் விலகிவிட்டார். அவருடைய இடத்துக்கு ஜோ வோல்ஷ் வந்தார். கிற்றார் பலமடைந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

மைஸ்னரின் கதை இன்னும் வேதனையானது. ‘டேக் இட் டு த லிமிட்’ பாடலின் இறுதியில் அவர் தொடுகிற அந்த உச்ச ஸ்வரத்துக்காகவே மக்கள் காத்திருந்தார்கள். இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர், அதே உயரத்துக்கு ஏறியாக வேண்டும்; ஏறாவிட்டால் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் விழ வேண்டும். 1977இல் நொக்ஸ்வில் நகரில், உடல்நிலை சரியில்லாத ஓர் இரவில் அவர் அதைப் பாட மறுத்தபோது, மேடைக்குப் பின்னால் ஃப்ரையோடு கைகலப்பு வரை போயிற்று. அதே ஆண்டு அவரும் விலகினார். அவருடைய இடத்துக்கு வந்த திமொதி ஷ்மிட், முன்னர் போகோ என்ற குழுவிலும் இதே மைஸ்னர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர். ஷ்மிட்டின் குரல் இனிமையானது, சில பாடல்களில் மைஸ்னரினதைவிட இனிமையானது. ஆயினும் மைஸ்னரின் குரலில் கேட்கிற, இப்போதே முறிந்துவிடுமோ என்ற பதற்றம் அதில் இல்லை. எனக்கு அந்தப் பதற்றம் வேண்டியிருக்கிறது.

‘ஹோட்டல் கலிபோர்னியா’வுக்கு நியாயம் செய்யாவிட்டால் அண்ணை என்னை விடமாட்டார். கொழும்பில் எந்த ஹோட்டல் கலியாணத்துக்குப் போனாலும், கேக் வெட்டி முடிந்த பிறகு அந்தப் பாடலைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது என்பதால் எனக்கு ஏற்பட்டிருக்கும் சலிப்பை அந்தப் பாடலின் குற்றமாக எழுதக் கூடாது. அதன் இறுதியில் ஃபெல்டரும் வோல்ஷும் மாறி மாறி வாசித்து, பின்னர் இரண்டு கிற்றார்களையும் இணைத்துப் பின்னிக்கொண்டு இறங்குகிற பகுதி, ஈகிள்ஸ் பதிவுசெய்த மிகச் சிறந்த இருகுரல் இசைவு என்றே சொல்வேன். குரல்களுக்குப் பதிலாகக் கம்பிகள், அவ்வளவுதான். மயாமியில் அதைப் பதிவுசெய்ய அமர்ந்தபோது, மாதிரிப் பதிவில் இருந்தபடியே அச்சொட்டாக வேண்டும் என்று ஹென்லி பிடிவாதமாக நிற்க, ஃபெல்டர் கலிபோர்னியாவில் இருந்த தன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பணிப்பெண்ணைக் கொண்டு கசற்றைப் போடச் சொல்லி, தான் வாசித்ததைத் தானே தொலைபேசியில் கேட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு, தான் பாடுவதாக இருந்த ‘விக்டிம் ஒஃப் லவ்’ பாடல் கிடைக்கவில்லை. மேலாளர் அவரை இராப்போசனத்துக்கு அழைத்துச் சென்றிருந்த வேளையில் ஹென்லி அதைப் பாடிப் பதிவுசெய்துவிட்டார். ஹென்லி பாடியது மேலானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ஃபெல்டருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். குழு என்பது சங்கக் கூட்டமல்ல, வாக்கெடுப்பு நடத்திப் பாட்டுப் பாட முடியாது என்று அண்ணை வாதிட்டது இந்த இடத்தில் வலுவாகவே நிற்கிறது.

அவர் கையில் இதைவிடப் பலமான ஆயுதமும் ஒன்று இருந்தது. நாங்கள் பாட முயன்ற அந்தப் பாடலின் பதிவு 1980 ஜூலை கடைசி வாரத்தில் சாண்டா மொனிகா மேடையில் எடுக்கப்பட்டது. அதே வாரம் லோங் பீச்சில், ஃப்ரையும் ஃபெல்டரும் பாடல்களுக்கு நடுவே ஒருவருக்கொருவர் அடிப்பேன் என்று மிரட்டிக்கொண்டு, இன்னும் எத்தனை பாடல் மிச்சம் என்று எண்ணிக்கொண்டு வாசித்தார்கள். அத்தோடு குழு உடைந்தது. அந்தப் பாடற்பதிவோடு அந்த ஆண்டு நவம்பரில் வந்த நேரடி அல்பத்துக்காகக் குரல்களைத் திருத்தும்போது, ஃப்ரை லொஸ் ஏஞ்சலிஸிலும் மற்றவர்கள் மயாமியிலுமாக நாட்டின் இரு கரைகளில் இருந்து பாடினார்கள். ஒலிநாடாக்கள் கூரியரில் போய் வந்தன. தயாரிப்பாளர் பில் சிம்சிக், இந்த ஹார்மனி ஃபெடரல் எக்ஸ்பிரஸின் உபயம் என்று பகிடி விட்டார். “பார்த்தீரா, முகத்தில் முழிக்காத ஆட்கள் பாடியதுதான் நீர் வியக்கிற ஹார்மனி” என்றார் அண்ணை.

நான் அன்பைப் பற்றிக் கதைக்கவே இல்லை. முதல் நான்கு அல்பங்களின் காலத்திலும் இவர்கள் சண்டை பிடித்தவர்கள்தான். நான் கதைப்பது இடத்தைப் பற்றி. 1980இல் அந்த ஐந்து குரல்களும் சேர்ந்தது, ஸ்டீவ் யங் என்ற வேறொருவர் எழுதி, மேடையேறும் முன் தொண்டையைப் பதப்படுத்த அவர்கள் நெடுநாளாகப் பாடிவந்த ஒரு பாடலில். அதற்கு முந்திய ஆண்டு அவர்கள் சொந்தமாக எழுதி வெளியிட்ட ‘த லோங் ரன்’ அல்பத்தில், பெரும்பாலான பாடல்களில் ஹென்லி பாட மற்றவர்கள் பின்னால் நிற்கிறார்கள். குரல்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஆனால் எனக்கு அவை ஒரு குரலுக்குப் போட்ட சட்டகம்போலக் கேட்கின்றன. 1975இல் துணைக்குரல் கொடுத்தவருக்கு அடுத்த பாடல் தன்னுடையது என்பது தெரியும். அவர் கொடுத்த துணைக்குரலிலும் அந்த நிமிர்வு கேட்கிறது. இது என் காது சொல்வது. அண்ணையின் காது வேறு சொன்னால் அதோடு எனக்குப் பகை இல்லை.

வருகிற ஞாயிறு மீண்டும் கூடுவதாக இருக்கிறோம். நடுக்குரலை எல்லோரும் முறை வைத்துப் பாட வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டேன்; மேற்குரல்காரர் முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். பழகட்டும் என்று நேற்றிரவு அந்த நடுக்குரலை மட்டும் தனியாகப் பாடிப் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் நால்வருக்கும் அனுப்பினேன். நால்வரும் கேட்டுவிட்டதற்கான நீலக் கோடுகள் விழுந்தன. அண்ணை மட்டும் பதில் போட்டிருந்தார்: “ஐசே, இது என்ன பாட்டு?”