கும்பிடுகிறவர் வீட்டுக்கு நோய் வரக்கூடாதா?

ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த நாளில், மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் ஊர்க்காரர்களின் முகநூலைத் திறந்தால், பிள்ளைகளின் படத்தைவிடச் சாமி படம்தான் அதிகம். "முருகன் அருளால் 8ஏ", "நம்பினோர் கெடுவதில்லை" என்று வரிசையாக வரும். சந்தோஷம்தான். தங்கைக்கு நல்ல முடிவு வந்தபோது எங்கள் வீட்டிலும் பால்குடம் எடுத்தோம். ஆனால் அதே வகுப்பில் அதே முருகனுக்கு விரதம் இருந்து, சரித்திரப் பாடத்தில் தேறாமல் சான்றிதழே கிடைக்காமல் போன பையனும் இருப்பான். அவனும் அன்றைக்குக் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி இதையெல்லாம்தான் பார்த்துக்கொண்டிருப்பான். முருகன் அவனுக்கு மட்டும் அருள் தராமல் விட்டுவிட்டாரா?

நான் சாமி கும்பிடுகிறவன்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்கே என்னவோ போலிருக்கும். என் கோபமெல்லாம், நல்லது நடந்தால் பக்திக்குக் கிடைத்த கூலி என்றும் கெட்டது நடந்தால் பக்தியில் குறை என்றும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாதிரி எழுதிவைக்கும் அந்தக் கணக்கின் மேல்தான்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபோது அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "தோட்டத்தை விட்டு வரும்போது முனியாண்டியை அப்படியே விட்டுட்டு வந்துட்டீங்க, அதான்" என்றார். தோட்டத்தை விற்றது கம்பெனி. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்ததும் அவர்கள்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனைக்குலை அறுத்து முதுகு தேய்ந்த மனுஷன், மரத்தடிச் சாமியையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம்! நோயாளி காதில் விழும்படியா இதைச் சொல்வது? அம்மா அவர் போன பிறகும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்பாவுக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காலையில் எழுந்ததும் ஊசி குத்தும் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, வலது கை விரல்களை வைத்துப் பார்ப்பார். அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய் பூனை உறுமுவதுபோல் லேசாக அதிர வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அதிர்கிறது என்று தெரிந்ததும் "முருகா" என்பார், ஒரே ஒரு முறை. அப்புறம்தான் பசியாறப் போவார்.

கோயிலில் இன்னொரு கூத்து. அர்ச்சனைத் தட்டில் வருகிற எதையும் அவர் இஷ்டத்துக்குத் தொட முடியாது. வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், அது ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. தண்ணீருக்கும் அளவு உண்டு. தீர்த்தத்தை நாக்கில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு மீதியைத் தலையில் தடவிக்கொள்வார். "சாமி குடுக்குறதையே டாக்டர் வேணாங்கிறாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு நாளும் "எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கே வாய்த்த மனசு அது. அதைக் காட்டி இன்னொரு நோயாளியிடம் "அவரைப் பாருங்க, எப்படி நம்பிக்கையா இருக்கார்" என்று யாராவது பாடம் எடுத்தால் எனக்குப் பிடிக்காது. கேட்கிறவர்கள் கேட்கட்டும். சாமியிடம் சண்டை போடுவதும் உறவுதான்.

நம்பினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதும் நம் ஊர்ப் பழக்கம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அப்போது எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். பாட்டியும் சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கியவர். மாரியம்மன் உண்டியலுக்குப் போட்டதையும் நிறுத்தவில்லை. அப்பாவும் அப்படித்தான். விபூதி பூசிக்கொண்டுதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் பாரத்தை நிரப்பினார். டயாலிசிஸ் செலவுக்கு அங்கே உதவி உண்டு. சந்தா கட்டிய நம் ஆட்கள் பலருக்கு இது தெரியவே இல்லை, கேட்டுப் பாருங்கள்.

சரி, நோயாளி வீட்டுக்குப் போனால் என்னதான் சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம். கார் இருந்தால் எந்த நாள், எத்தனை மணிக்கு டயாலிசிஸ் என்று கேளுங்கள். நான் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போவது பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஓர் அண்ணன். கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருப்பார். திருவிழாவில் உறுமி அடிக்க மட்டும்தான் கோயில் பக்கம் வருவார். பெட்ரோல் காசு கொடுத்தால் முறைப்பார். அம்மா அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது அவருக்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறார். ராசி நட்சத்திரம் கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும், வண்டி நம்பர் வேணும்னா சொல்றேன்" என்கிறார் அந்த அண்ணன்.