வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது
சின்னக் குழுவுக்கு வாட்ஸ்அப்பே போதும், வேலைகளைக் கண்காணிக்கத் தனி மென்பொருள் வேண்டாம் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மன்னார்குடிப் பக்கம் நாங்கள் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறோம். தை மாதம் சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால், 'நாளைக்கு நம்ம வயலுக்கு வண்டி வேணும்' என்ற ஒரு வரி பொங்கல் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும்; யார் பொறுப்பு என்பதும் தெரியாது. இப்போது டிரெல்லோ என்ற வேலைப் பட்டியல் செயலியில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கார்டு (குறிப்பு அட்டை): ஓட்டுநர் பெயர், தேதி, வண்டி இறங்க வேண்டிய வரப்பின் படம். வயலில் சிக்னல் இல்லாவிட்டாலும் செயலியில் குறித்துவிடலாம், இணைப்பு வந்ததும் சேர்ந்துகொள்ளும். மேலே கருத்து எழுதிய ஒருவர் ஜிரா என்ற வேலைக் கண்காணிப்பு மென்பொருளைப் பரிந்துரைத்திருக்கிறார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது சரி, எங்கள் ஓட்டுநர்களுக்கு அத்தனை கட்டங்களை நிரப்ப நேரம் ஏது? அப்புறம், டிரெல்லோ இலவசக் கணக்கில் தகவல்களை சிஎஸ்வி (எக்செல்லில் நேராகத் திறக்கும் அட்டவணைக் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்ய முடியாது, ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கான கோப்பு) மட்டும்தான். வாடகைக் கணக்கை எக்செல்லில் போடுகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.