சனிக்கிழமை லெக் டே, ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்

புதிதாக ஓட ஆரம்பித்தவர் ஜிம்மிலும் சேர்ந்தால் முதலில் கையில் கிடைப்பது ஒரு அட்டவணை. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, சனி கால். பாடி ஏத்த வருபவருக்காகப் போட்டது அது. ஓடுகிறவருக்கு இதைவிட மோசமாக ஒன்று போடுவது கஷ்டம். ஓட்டக் குழுக்கள் பெரும்பாலும் லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், வைப்பது ஞாயிறு விடியற்காலை. சனி சாயங்காலம் ஸ்குவாட், லெக் பிரஸ், லஞ்ஜ் என்று காலுக்கே பதினைந்து இருபது செட் அடித்துவிட்டு மறுநாள் 10 கி.மீ. ஓடப் போனால் கால் எப்படி வரும்? பழக்கமில்லாத தசையில் வலி உச்சத்துக்குப் போவதே 24 முதல் 72 மணி நேரத்துக்குள். ஞாயிறு ஓட்டம் சொதப்பும், செவ்வாய் மாடிப்படி இறங்கும்போதுகூடத் தொடை பிடிக்கும். அப்புறம் ‘வெயிட் தூக்கினா ஓட்டம் கெட்டுடும்’ என்று ஒரு தீர்ப்பு.

ஓட்டத்தைக் கெடுப்பது வெயிட் இல்லை. அளவும் கிழமையும்தான்.

இந்தப் பயத்துக்கு ஆதாரமாக 1980-ல் வெளியான ராபர்ட் ஹிக்சனின் ஆய்வைக் காட்டுவார்கள். அதில் ஒரு குழு வாரம் 5 நாள் எடைப்பயிற்சி, 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் என்று 10 வாரம் செய்தது. ஏழெட்டு வாரத்தில் கால் பலம் ஏறாமல் நின்று, கடைசியில் இறங்கவும் செய்தது. அதையேதான் எல்லாரும் சொல்கிறார்கள். அடிவாங்கியது பலம் மட்டும்தான் என்பதையும், ஆக்சிஜன் உட்கொள்ளும் திறன், எடை தூக்காமல் ஓட்டமும் சைக்கிளும் மட்டும் செய்த குழுவுக்கு ஏறிய அளவுக்கே இவர்களுக்கும் ஏறியது என்பதையும் யாரும் சொல்வதில்லை. வாரம் 3 ஓட்டம், 2 எடைப்பயிற்சி செய்யப்போகும் புதியவருக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

கிழமையை இப்படிப் போடலாம். செவ்வாய் காலை மெதுவான ஓட்டம், மாலை எடை. வியாழனும் அப்படியே, ஆனால் காலுக்கான செட் பாதி. ஞாயிறு லாங் ரன். திங்கள், புதன், வெள்ளி ஓய்வு. சனி வேண்டுமானால் நடை. கஷ்டத்தையெல்லாம் ஒரே நாளில் குவித்தால்தான் ஓய்வு நாள் உண்மையிலேயே ஓய்வாக இருக்கும். ஓட்டத்துக்கும் எடைக்கும் நடுவில் 6 மணி நேரமாவது விடுங்கள். இரண்டு வேளை வர முடியாதவர் ஓட்டத்தை முதலில் முடித்துவிட்டு வெயிட்டுக்குப் போகலாம். மெதுவான ஓட்டம் என்றால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். மூச்சு வாங்கினால் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை.

எடைப்பயிற்சிக்கு ஐந்தாறு அசைவு போதும்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து கோப்லெட் ஸ்குவாட், ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பில் மடங்கி எடையை இறக்கி ஏற்றுவது), ஸ்ப்ளிட் ஸ்குவாட் (ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து உட்கார்ந்து எழுவது), காஃப் ரெய்ஸ் (குதிகாலைத் தூக்கி இறக்குவது), புஷ்-அப், டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது). முதல் இரண்டு வாரம் இரண்டே செட், பிறகு மூன்று. ஒரு செட்டில் 8 ரெப்ஸ், அதாவது 8 தடவை, முடிக்கும்போது இன்னும் இரண்டு வரும் என்ற நிலையில் நிறுத்துகிற எடைதான் சரியான எடை. எல்லா செட்டிலும் 10 சுத்தமாக வந்தால் 2 கிலோ ஏற்றி மறுபடி 8-க்கு வாருங்கள். செட்டுக்கு நடுவே 2 நிமிடம் உட்காருங்கள். மூச்சிரைக்க அடுத்தடுத்துச் செய்தால் அது இன்னொரு கார்டியோ, அவ்வளவுதான்.

‘ரன்னருக்கு லைட் வெயிட், நிறைய ரெப்ஸ்’ என்று டிரெய்னர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. நிமிடத்துக்கு 165 காலடி என்றால் அரைமணி ஓட்டத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் காலடி ஆகிவிடுகிறது. ரெப்ஸ் தெருவிலேயே கிடைக்கிறது, கிடைக்காதது பாரம்.

அதிலும் கெண்டைக்கால். ஓடும்போது அதிகச் சுமை வாங்குவது அது, ஜிம்மில் கடைசியில் அவசரமாக முடிக்கப்படுவதும் அதுவே. படி விளிம்பில் ஒற்றைக்காலில், முன்பாதத்தில் நில்லுங்கள். 2 நொடியில் ஏறி, 1 நொடி நின்று, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை 3 நொடியில் இறங்குங்கள். முட்டி நேராக ஒரு செட், லேசாக மடக்கி ஒரு செட். மடக்கினால்தான் அடியிலுள்ள தசைக்கு வேலை போகும். ஒரு காலில் 20 வராதவர் வேகப் பயிற்சியை இப்போதைக்குத் தொடாமல் இருப்பது நல்லது.

இரண்டு காலிலும் பரவலாக வலித்தால் அது தசை வலி, நடந்தால் இளகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் சுருக்கென்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துச் சமாளிக்கும் விஷயமில்லை அது.

சாப்பாட்டில் இடறுவது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். 50 கிராம் சோயா சங்க்ஸில் 25 வரை வந்துவிடும். இட்லி சாம்பாரை மட்டும் நம்பினால் எட்டாது.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை செட்டைப் பாதியாக்குங்கள். போட்டி ஞாயிறு என்றால் காலுக்குக் கடைசி வெயிட் அந்தச் செவ்வாய், ஒரே செட். வியாழன் எடைப்பயிற்சியை அந்த வாரம் விட்டுவிடுங்கள்.