டாக்டர் வீட்டுக் கதவுக்குப் பின்னால்

போன மே மாதம் அம்மாவை போர்ட் ஐசக் கூட்டிப் போனேன். இங்கிலாந்தில் கார்ன்வாலின் வடகரையில், மேட்டு நிலத்துக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும் மீனவர் ஊர். 'டாக் மார்ட்டின்' டிவி தொடர் பார்த்தவர்களுக்கு, அதில் வரும் போர்ட்வென் ஊர் இதுதான். 2004-இல் தொடங்கி 2022 கிறிஸ்துமஸ் வரை 10 சீசன் ஓடிய தொடர். ரத்தத்தைப் பார்த்தாலே குமட்டுகிற ஒரு சர்ஜன், லண்டன் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு டாக்டராக வருவதுதான் கதை. அம்மா ஒரு எபிசோட் விட்டதில்லை.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நடத்தும் நடைச் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டோம். தொடரின் கூட்டக் காட்சிகளில் தலைகாட்டியவராம். காரை மேலே நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும். 'ஸ்க்வீஸி பெல்லி' சந்துக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தோம். குறுகலான இடத்தில் அகலம் ஒன்றரை அடிதான்.

அப்புறம் டாக்டர் வீடு. குன்றுச் சரிவில் இருக்கும் ஃபெர்ன் காட்டேஜ். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ளே கிளினிக் எதுவும் கிடையாது" என்றார் பெரியவர். உட்புறக் காட்சிகளை எல்லாம் பக்கத்துப் பண்ணையில் ஒரு களஞ்சியத்துக்குள் செட் போட்டு எடுத்திருக்கிறார்கள். டாக்டராக நடித்த மார்ட்டின் க்ளூன்ஸ் இந்தக் கதவைத் திறந்து நுழைந்தால், அடுத்த ஷாட்டில் பண்ணையில் இருப்பார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

நாங்கள் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில், வழியில் இருந்த வேறொரு வீட்டுச் சன்னலில் இரண்டு பேர் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தார்கள். ஒருவர் அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அது யாரோ குடியிருக்கிற வீடு. டிவியில் வந்துவிட்டால் வீட்டுக்காரர் தன் வாசலை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா என்ன? கார்ன்வால்காரர்கள் சுற்றுலா வருகிறவர்களை 'எம்மெட்' என்பார்கள். அவர்கள் பேச்சில் எறும்பு என்று அர்த்தம். அன்றைக்கு அந்தச் சொல்லில் தப்பே தெரியவில்லை எனக்கு.

என்னைக் கேட்டால், அந்த நடையின் உயிர் கடைசி அரைமணி நேரம்தான். துறைமுகத்தை ஒட்டிய 'பிளாட்' என்கிற திறந்தவெளிக்கு வந்ததும் பெரியவர் தொடரை விட்டுவிட்டார். ஒரு காலத்தில் டெலபோல் குவாரியின் ஸ்லேட் கல் இங்கிருந்துதான் கப்பலேறியது, பில்ச்சர்ட் மீனை உப்பிட்டு அடுக்கிய கிடங்குகள் இதோ என்று கைகாட்டிக்கொண்டே வந்தார். அடுக்கியிருந்த நண்டுக் கூடுகளில் ஒன்றைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தார். நல்ல கனம். நீல நைலான் வலை, புனல் மாதிரி ஒரு வாய். உள்ளே போன நண்டுக்கு வெளியே வர வழி தெரியாது. சிங்கி இறால் சினையோடு ஏறினால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம் என்றார். சில பெண் இறால்களுக்கு வாலில் 'வி' வடிவில் சின்னதாக வெட்டிவிடுவார்களாம். சினை இல்லாத காலத்தில் சிக்கினாலும், அந்த வெட்டைப் பார்த்தால் எவரும் எடுக்கக் கூடாது. அம்மா அந்தக் கூட்டைக் கீழே வைக்கவே இல்லை.

கிளம்பும்போது மேலே வீடுகளைக் காட்டிச் சொன்னார்: "குளிர்காலத்தில் வாருங்கள், முக்கால்வாசி சன்னல் இருட்டாக இருக்கும்." பல வீடுகள் விடுமுறை வாடகைக்கு, சில லண்டன்காரர்களின் இரண்டாவது வீடு. இங்கே பிறந்த பிள்ளைகளால் இங்கே வீடு வாங்க முடிவதில்லை. கார்ன்வால் கவுன்சில் 2025 ஏப்ரலில் இருந்து இரண்டாவது வீட்டுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். இந்த நிலைமைக்குத் தொடர் மட்டும் காரணம் இல்லை, சரி. கார்ன்வால் கடற்கரை முழுக்க இதே கதைதான். ஆனால் தொடரைப் பார்த்துவிட்டு வருகிற நம்மிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெரியவர் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன், போனால் ஊர்க்காரர் ஒருவருக்குக் காசு கொடுத்து அவரோடு நடங்கள். போனில் லொகேஷன் பட்டியலை வைத்துக்கொண்டு கதவு கதவாக செல்ஃபி எடுத்துத் திரும்பினால் இதில் ஒன்றுகூடக் காதில் விழாது.

அடுத்த தடவை ஜனவரியில் போகலாம் என்கிறார் அம்மா. சாயங்காலம் மேட்டில் நின்று எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டுமாம்.