அப்பா பெயர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் கிடையாதா?

கடலூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கல்யாணம் ஆகாத பெண், குழந்தையின் அப்பா பெயரைச் சொல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் தர மாட்டார்கள், காப்பாளர் உரிமையும் அப்பாவுக்குத்தான்."

இரண்டுமே தவறு. 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தன் வயிற்றில் பிறந்த குழந்தை என்று தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், சான்றிதழ் தந்தாக வேண்டும்; நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட்டிருந்தால் மட்டுமே விலக்கு. கவுண்டரில் 'அப்பா பெயர் எங்கேம்மா?' என்று கேட்டால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

காப்பாளர் விஷயத்தில், இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப் பிறந்த குழந்தைக்கு முதலில் தாய்தான், அப்புறம்தான் தந்தை. அதற்காகத் தந்தை குழந்தைக்கான ஜீவனாம்சத்திலிருந்து நழுவ முடியாது: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-ஆவது பிரிவு.